பார்க்க வந்த மனை

வாங்கியவர்களின் முகத்தைக்கூடப் பார்க்காமல் வீட்டுமனைகள் வெயிலில் கிடந்த காலத்தில், நெல்லிமடை என்ற காற்றாலை ஊரில், ரைஸ்மில் வீதியில், மேகலா தன் அழகு நிலையத்தின் ஷட்டரைத் தூக்கிய ஒரு புதன்கிழமைக் காலையில், ஏழு மாதத்துக்கு முன் அவள் வாங்கி ஒரு தடவைகூடப் போய்ப் பார்க்காத நாற்பத்து மூன்றாம் எண் மனை, நான்கு மூலைக்கல்லோடும் இரண்டு ஆவாரஞ்செடியோடும் வாசலில் வந்து நின்றிருந்தது.

மனை முப்பதுக்கு நாற்பது அடி. வீதியின் அகலமோ இருபது அடிதான். அதனால் சின்னக் கட்டிலில் விரித்த பெரிய போர்வை மாதிரி அது இரண்டு பக்கமும் மடிந்து, இந்தப் பக்கம் மேகலாவின் படிக்கட்டு வரைக்கும், அந்தப் பக்கம் எதிர்வீட்டு பேபியக்காவின் துணி துவைக்கும் கல் வரைக்கும் ஏறிக் கிடந்தது. தார் ரோட்டுக்கு மேல் ஒரு முழ உயரத்துக்குச் செம்மண். அதன் நடுவில் ஆட்காட்டிக் குருவி ஒன்று கூழாங்கல் நிறத்தில் மூன்று முட்டைகளை அடைகாத்தபடி, வருகிற போகிற எல்லோரையும் வாய் ஓயாமல் திட்டிக்கொண்டிருந்தது.

மேகலாவுக்குப் பயம் வரவில்லை, கூச்சம்தான் வந்தது. வருகிறேன் வருகிறேன் என்று சொல்லிச் சொல்லிப் போகாமலே விட்ட சொந்தக்காரர், மூட்டை முடிச்சோடு பஸ் பிடித்து நம் வாசலுக்கே வந்துவிட்டால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது அவளுக்கு. மூலைக்கல்லில் வெள்ளைப் பெயின்டில் 43 என்று எழுதியிருந்ததால் வேறு யாருடையதோ என்று சாதிக்கவும் வழியில்லை. உள்ளே போய், தண்ணீர்க் குடத்தை எடுத்துவந்து, மனையின் ஓரத்தில் கொஞ்சம் ஊற்றினாள். வீடு தேடி வந்தவர்களுக்கு முதலில் தண்ணீர் கொடுப்பதுதானே வழக்கம். மண் சத்தமில்லாமல் குடித்துக்கொண்டது.

மேகலாவுக்கு வயது நாற்பத்திரண்டு. பதினோரு வருடமாக அந்த வட்டாரத்து மணப்பெண்களுக்கெல்லாம் அலங்காரம் செய்து, அதில் சேர்த்ததைக் கொண்டு ஏதாவது ஒன்றில் போட வேண்டும் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தபோதுதான், ஊர்க் கல்யாண மண்டபத்தில் 'நிலத்தில் முதன்முதலாக முதலீடு செய்வோருக்கான இலவசப் பயிற்சி முகாம், மதிய உணவு உண்டு' என்று பேனர் கட்டினார்கள். மேடையில் ஊதா நிறக் கோட்டு போட்டுக்கொண்டு லோகு என்கிற லோகநாதன் பத்து ரகசியங்களைச் சொன்னான். முதல் ரகசியம், இன்றைக்கே வாங்குங்கள். இரண்டாவது, நாளைக்கு வாங்கலாம் என்று நினைக்காதீர்கள். மூன்றாவது, பக்கத்து நாற்காலியில் இருப்பவர் வாங்குவதற்குள் நீங்கள் வாங்குங்கள். இப்படியே ஏழாவது ரகசியம் வரும்போது சாம்பார் வாசனை வந்துவிட்டதால், கடைசி மூன்று ரகசியங்களும் யார் காதிலும் விழவில்லை. சாப்பாட்டுக்கு அப்புறம், தென்னை மரமும் நீரூற்றும் வெள்ளைக்காரக் குழந்தைகளும் இருந்த ஒரு படத்தைக் காட்டி, "சொர்க்கபூமி கார்டன்ங்க அக்கா. பஸ் ஸ்டாண்டுல இருந்து பத்தே நிமிஷம். ஒரே வருஷத்துல விலை ரெண்டு மடங்கு" என்றான் லோகு.

"ஒரு நடை போய்ப் பாத்துட்டு வந்தர்லாங்களா தம்பி?"

"இந்த வெயில்லீங்களா? நிலம் எங்கயாச்சும் ஓடியா போகப் போகுது?" என்று சிரித்தான் அவன். அவளும் சிரித்துவிட்டாள். அடுத்த வாரமே பத்திரம் பதிந்தாயிற்று. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. காற்றாலை இறக்கைகளை ஏற்றிக்கொண்டு நூறு அடி நீள டிரெய்லர் லாரியில் குஜராத்துக்கும் ராஜஸ்தானுக்கும் போய்வருகிற கணவன் வெள்ளியங்கிரியிடமும் சொல்லவில்லை. இரண்டு மடங்கு ஆனதும் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாள். இனி மறைக்க முடியாது என்பதால் அன்றைக்கு போன் போட்டாள்.

"ஏனுங்க, வாசல்ல நிலம் வந்து நிக்குதுங்க."

"யாரோட நிலம்?"

"நம்முளுதுதான். ஏழு மாசத்துக்கு முந்தி வாங்கினேன். உங்ககிட்டச் சொல்லலை."

இருபத்திரண்டு வருடம் ஸ்டியரிங் பிடித்த மனிதர் கேட்டது ஒன்றுதான். "ஓரமா நிறுத்தியிருக்குதா, இல்லை ரோட்டை அடைச்சுக்கிட்டு நிக்குதா?"

"அடைச்சுக்கிட்டுத்தான்."

"அப்ப ரெண்டு பக்கமும் செவப்புத் துணி கட்டி வை. மிச்சத்தை நான் வந்து பேசிக்கறேன்."

சிவப்புத் துணி கட்டியதும் வீதிக்கு எல்லாம் சரியாகிவிட்டது. பைக்கில் போகிறவர்கள் ரைஸ்மில் களத்தைச் சுற்றிக்கொண்டு போனார்கள். பால்காரர் முதல்நாள் மட்டும் மணியடித்துப் பார்த்தார், மறுநாளிலிருந்து வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு மண் மேல் நடந்து வந்து ஊற்றினார். பேபியக்கா இட்லி மாவு விற்கிறவர், வீட்டில் வெயில் விழுகிற இடம் போதாமல் பத்து வருடமாக அவதிப்பட்டவர், மனையின் தென்மேற்கு மூலையில் மிளகாய் காயப்போட்டார். தபால்காரர் இதற்குத் தனியாகக் கதவு எண் உண்டா என்று விசாரித்து, கதவே இல்லை என்று தெரிந்ததும் நிம்மதியாகப் போனார். யார் வாசலில் கோலம் போடுவது என்று இரண்டு வீட்டுக்காரர்களுக்குள் சின்னச் சச்சரவு வந்து, மடிந்து கிடக்கும் மண்ணுக்கு மடிப்பிலேயே போடலாம் என்று முடிவாயிற்று. ஆட்காட்டியின் திட்டு மட்டும் யாருக்கும் பழகவில்லை.

மனை மேல் கால் வைக்காமல் இருந்தவள் மேகலா ஒருத்திதான். கூச்சம் விடவில்லை. ஷட்டர் ஓரமாக ஒடுங்கி ஒடுங்கியே வந்து போனாள்.

மூன்றாம் நாள், வீதி முனையில் குடியிருந்த ஹசீனா புருவம் திருத்திக்கொள்ள வந்தாள். லைசென்ஸ் வாங்கிய சர்வேயர், முப்பது வயது. மண்ணைப் பார்த்தால் அளக்காமல் அவளால் இருக்க முடியாது. டேப்பை விரித்து, மடிப்புகளை நீவிவிட்டு, இரண்டு தரம் அளந்தாள்.

"அக்கா, நாப்பதடி இல்லை. முப்பத்தெட்டுத்தான் இருக்கு."

"நடந்து வந்ததுல தேஞ்சிருக்குமோ?"

"மண்ணு தேயாதுக்கா, மனுசங்கதான் தேய்ப்பாங்க. வாங்கறதுக்கு முந்தி மூலப்பத்திரம் பாத்தீங்களா? வில்லங்கம் போட்டுப் பாத்தீங்களா?"

"நல்ல காரியம் பண்றப்போ வில்லங்கத்தை நாமளே போய் எதுக்குப் போடோணும் ஹசீனா?"

ஹசீனா சிரித்த சிரிப்பில் ஒரு புருவம் கோணிக்கொண்டது. பதிவு அலுவலகத்தில் கேட்டு வாங்குகிற வில்லங்கச் சான்று வேறு, நாம் பயப்படுகிற வில்லங்கம் வேறு, முன்னதைப் பார்த்தால்தான் பின்னது வராது என்று அவள் கண்ணாடியைப் பார்த்தபடியே விளக்கினாள். அதோடு நிற்காமல், மறுநாளே மனு போட்டு எல்லாக் காகிதத்தையும் எடுத்துவருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

இதற்குள் யாரோ எடுத்த வீடியோ ஊர் ஊராகப் போய்விட்டது. லோகு வெள்ளைக் காரில் வந்து இறங்கினான். முதலில் அவன் முகம் வெளுத்துத்தான் போனது. தென்னையும் நீரூற்றும் இல்லாத தன் சரக்கை வீதியே பார்த்துக்கொண்டிருந்ததே! ஆனால் தொழில்காரன், இரண்டே நிமிடத்தில் தேறிக்கொண்டான். சாயங்காலத்துக்குள் பஸ் ஸ்டாண்டில் பெரிய பேனர் ஏறியது. 'சொர்க்கபூமி கார்டன். இந்தியாவிலேயே முதன்முறையாக, வீடு தேடி வரும் வீட்டுமனைகள்!'

அந்தப் பேனரைப் பார்த்துவிட்டு வந்தவர்தான் திருப்பூர் பனியன் முதலாளி தண்டபாணி. ஆட்காட்டி திட்டத் திட்ட மனையைச் சுற்றி வந்தார், குனிந்து மண்ணைக் கிள்ளி முகர்ந்தார், பிறகு கண்ணாடி முன்னால் இருந்த சுழல் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்.

"அம்மா, சுத்தி வளைச்சுப் பேசற பழக்கம் எனக்கில்லை. நீங்க வாங்கின விலையைப் போல மூணு மடங்கு தர்றேன். எனக்கு இது கூப்பிட்ட எடத்துக்கு வரோணும். பங்களா முன்னாடி புல்லு போட்டு நிறுத்திக்குவேன், ஊட்டிக்குப் போனா கூடக் கூட்டிக்கிட்டுப் போவேன். திங்கக்கெழமை கைமாத்திக்கலாமா?"

மேகலா தலையை ஆட்டிவிட்டாள். மூன்று மடங்கு! அன்றைக்கு வந்த மணப்பெண்ணுக்கு அவள் ஒரு கன்னத்தில் மட்டும் இரண்டு தரம் ரூஜ் போட்டுவிட்டாள். மனதுக்குள் அப்போதே அடுத்த மனையை வாங்கி, அதையும் விற்று, மூன்றாவதற்கு முன்பணம் கொடுத்துக்கொண்டிருந்தாள். போனில் வெள்ளியங்கிரி, "மூணு மடங்கா?" என்று கேட்டுவிட்டு, சொல்லாமல் வாங்கியதற்காகப் பிடிக்கவிருந்த சண்டையை அப்போதைக்கு ஒத்திவைத்தான்.

ஞாயிற்றுக்கிழமைக் காலையில் ஹசீனா காகிதக் கட்டோடு வந்தாள். வில்லங்கம் இல்லை, பத்திரமும் சுத்தம். ஆனால் ஒன்று.

"அக்கா, வரைபடத்துல மெயின் ரோட்டுல இருந்து மனைக்கு இருபதடிப் பாதை போட்டிருக்காங்க. பழைய சர்வே படத்துல அந்த எடத்துல பாதையே இல்லை. அது வேற ஒருத்தர் பட்டா நிலம்."

லோகு அங்கேதான் இருந்தான். "அதை எதுக்கு இப்பக் கிளறிக்கிட்டு? நடக்கற மனைக்கு ரோடு எதுக்குங்க?" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "அக்கா, நீங்க வாங்கறப்ப உங்களுக்கு யாராச்சும் இதையெல்லாம் சொன்னாங்களா? நீங்க மட்டும் எதுக்குச் சொல்லோணும்?" என்றான்.

நியாயமான கேள்வி மாதிரிதான் இருந்தது. அதற்குப் பதில் தேடித்தான் மேகலா வாசலுக்கு வந்தாள். மிளகாயைக் கிளறிக்கொண்டிருந்த பேபியக்கா நிமிராமலே சொன்னார். "நாலு நாளா நானும் பாக்கறேன் கண்ணு. பாவம், அது ஒன்னும் கேக்கலை. நீ ஒருதரம் மேல கால் வெச்சுக் கண்டுக்கோணும்னு வந்திருக்குது, அவ்வளவுதான். ஒறம்பரையா வந்தவங்களை ஒரு வார்த்தை வாங்கன்னு சொன்னாப் போதும், அப்புறம் அவங்க பாட்டுக்குப் போயிருவாங்க."

"போயிட்டா?"

"போயிட்டா அப்புறம் வராது. அதுக்கு என்ன சோலி இங்க?"

மேகலா கணக்குப் போட்டாள். தான் கால் வைத்த நிமிடம் இது நடப்பதை நிறுத்திவிட்டால், மூன்று மடங்கும் போயிற்று. கால் வைக்காமல் திங்கட்கிழமையை மட்டும் தாண்டிவிட்டால் போதும். தண்டபாணியின் பங்களாவுக்கு முன்னால், தன்னை யாரென்று கேட்காத ஒருவரின் புல்லுக்கு அடியில், இது படுத்துக்கிடக்கும். அவள் மண்ணைப் பார்த்தாள். புதன்கிழமை ஊற்றிய தண்ணீர் காய்ந்துபோன இடத்தில் சின்னதாக ஒரு விரிசல் விட்டிருந்தது.

"ஹசீனா, இது எங்கிருந்து வந்துச்சுன்னு காட்டறயா? போய்ப் பாத்துட்டு வரலாம்" என்றாள். லோகு காரை எடுக்கிறேன் என்றான். "வேண்டாம் தம்பி, பத்து நிமிசந்தானே" என்று செருப்பை வாசலிலேயே கழற்றிப்போட்டுவிட்டு வெறுங்காலோடு நடந்தாள்.

அவள் வீதி முனையைத் திரும்பியதும், பின்னால் முறத்தில் புடைக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. மனை நான்கு மூலைக்கல்லையும் ஊன்றி ஊன்றி, அடைகாக்கிற குருவியைக் குலுக்காமல், அவள் பின்னால் வந்துகொண்டிருந்தது. பேபியக்கா மிளகாயை எடுக்கவும் மறந்து கூடவே வந்தார். ரைஸ்மில் வீதி முழுக்க வந்தது. சொர்க்கபூமியில் மனை வாங்கி அதுவரை வாய் திறக்காமல் இருந்த பள்ளிக்கூட வாத்தியாரும், மருந்துக்கடைக்காரரும், கூட்டுறவு பால் சங்கத்துச் செயலாளரும் ஒருவர் பின் ஒருவராகச் சேர்ந்துகொண்டு, நீங்களுமா, நீங்களுமா என்று கேட்டுக்கொண்டார்கள்.

பத்து நிமிடம் போனது, ஒரு மணி நேரம் போனது. பஸ் ஸ்டாண்டு தாண்டி, நூற்பாலை தாண்டி, கோழிப்பண்ணைக்குப் பக்கத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு, உயரழுத்த மின்கம்பி உர் உர் என்று இரைகிற இடத்தில் தலையைத் தாழ்த்திக்கொண்டு அவர்கள் நடந்தார்கள். போர்வெல் லாரி ஒன்று ஓரமாக நின்றிருந்தது. தொள்ளாயிரம் அடிக்கும் புகைதான் வருகிறது என்று அந்த ஆட்கள் சொன்னார்கள். ஒவ்வொன்றையும் மேகலா நின்று பார்த்தாள். அவள் நின்றபோதெல்லாம் மனையும் நின்றது. கேட்காமல் விட்டதையெல்லாம் கேட்டாள், எல்லோரும் பதில் சொன்னார்கள். முன்பே கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள்.

வெயில் சாயும் நேரத்தில் மெயின் ரோட்டை விட்டு இறங்கியபோது, எதிரில் முள் படல் ஒன்று அடைத்துக் கிடந்தது. உள்ளே நாற்பது செம்மறி ஆடுகளும், தோளில் துரட்டியோடு குப்பண்ணன் என்பவரும் நின்றார்கள்.

"இது என்ற காடுங்க, என்ற பேர்லதான் பட்டா. யாரு நீங்கெல்லாம்?"

மேகலா விஷயத்தைச் சொன்னாள். இந்த வழியாக இருபதடி ரோடு இருப்பதாகப் படத்தில் போட்டிருக்கிறதே என்று ஹசீனா காகிதத்தை விரித்தாள். குப்பண்ணன் அதைத் தலைகீழாகவும் நேராகவும் பார்த்தார்.

"நல்லா வரைஞ்சிருக்கறாங்க. என்னைத்தான் ஒருத்தரும் கேக்கலை." அப்புறம் அவர்களுக்குப் பின்னால் வந்து நின்ற மனையைப் பார்த்தார். மண்ணோடு பிறந்து வளர்ந்த மனிதர், புருவம்கூட உயர்த்தவில்லை. "இது அந்தாண்ட மேட்டுல கெடந்ததல்லோ? புதங்கெழமை விடியக்காலம் இப்படித்தான் போச்சு. ஆடெல்லாம் ஒதுங்கி நின்னுது. போகட்டும் போங்க, மண்ணு போறதுக்குப் படல் எதுக்கு?" என்று திறந்துவிட்டார். பின்னாலேயே வந்த லோகுவின் காரைப் பார்த்ததும் மறுபடி மூடிவிட்டார்.

மேட்டில் நாற்பத்து இரண்டுக்கும் நாற்பத்து நாலுக்கும் நடுவில், பல் விழுந்த ஈறு மாதிரி ஒரு நீள்சதுரப் பள்ளம் இருந்தது. தண்டபாணி செய்தி கேட்டு வேறு வழியாக ஜீப்பில் வந்து, உள்ளே வர ரோடு இல்லாமல் வேலிக்கு அப்பால் நின்றுகொண்டிருந்தார். லோகு இரைக்க இரைக்க நடந்து வந்து சேர்ந்தான்.

"அம்மா, அதைக் குழியில எறங்க விடாதீங்க. இப்பவே கையெழுத்துப் போட்டுக்கலாம்" என்று கத்தினார் தண்டபாணி.

மேகலா அவர் பக்கம் திரும்பிச் சொன்னாள். "ஐயா, ரெண்டடி கொறையுது. தொள்ளாயிரம் அடிக்குத் தண்ணி இல்லை. வர்றதுக்கு ரோடு இல்லை, அது அந்த ஆட்டுக்காரர் நிலம். கோழிப்பண்ணை நாத்தம் இங்க வரைக்கும் வருது. மேக்க சூரியன் எறங்கறப்போ காத்தாடி நிழல் மனை மேல சுத்தும்போல, அது மட்டும் பாக்கறதுக்கு நல்லா இருக்குது."

"அதெல்லாம் எதுக்குங்க எனக்கு? கூப்பிட்டா வருமா, அதைச் சொல்லுங்க."

"அது தெரியலைங்க. என்னைப் பாக்கத்தான் வந்துச்சு. இன்னும் நான் அது மேல கால் வைக்கலை." சொல்லிவிட்டு அவள் வைத்தாள்.

முதலில் வலது கால், அப்புறம் இடது கால். மண் பகல் முழுக்கக் குடித்த வெயிலில் சூடாக இருந்தது. ஈ உட்கார்ந்தால் மாடு தோலைச் சிலிர்க்குமே, அப்படி ஒரு சிலிர்ப்பு ஒரு மூலைக்கல்லிலிருந்து மறு மூலைக்கல்லுக்கு ஓடியது. ஆட்காட்டி, நான்கு நாளில் முதல்முறையாக, வாயை மூடியது. மனை மேகலாவையும் சுமந்துகொண்டு பள்ளத்துக்குள் இறங்கி, ஒருமுறை புரண்டு சரிசெய்துகொண்டு, நீளமாகப் பெருமூச்சு விட்டு, வெறும் நிலமாக ஆயிற்று. அவள் கண்ணில் நீர் வந்தது. அது மூன்று மடங்கு போன வருத்தமா, வேறா என்று அவளுக்கே தெரியவில்லை. இரண்டும்தான் இருக்க வேண்டும்.

தண்டபாணி வேலிக்கு அந்தப்பக்கமிருந்து வா வா என்று மூன்று தரம் கூப்பிட்டுப் பார்த்தார். கை தட்டினார். சீட்டியும் அடித்தார். பிறகு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். லோகு தலையில் கை வைத்து நாற்பத்து நாலாம் மனையில் உட்கார்ந்தான். வாத்தியாரும் மருந்துக்கடைக்காரரும் அவரவர் மனை எங்கே என்று எண்ணைத் தேடி, முதல் தடவையாகக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்கப்புறம் நடந்தது அவசரமில்லாமல் நடந்தது. வெள்ளியங்கிரி வந்து, ஒத்திவைத்த சண்டையை வட்டியோடு போட்டு முடித்துவிட்டு, மறுநாள் மனையைப் போய்ப் பார்த்து, நூறடி டிரெய்லரைத் திருப்ப இடம் பத்தாது என்று மட்டும் குறை சொன்னான். வாங்கியவர்களெல்லாம் சங்கமாகச் சேர்ந்து, லோகுவையும் இழுத்துக்கொண்டு குப்பண்ணனிடம் போய், அவரை முதன்முறையாகக் கேட்டார்கள். கேட்ட பிறகு யோசிக்க அவருக்கு ஒரு வருடம் பிடித்தது. அடுத்த வருடம் நியாயமான விலைக்கு ரோட்டுக்கு இடம் எழுதிக்கொடுத்தார், ஆடுகளுக்கே முதல் வழி என்று பத்திரத்தில் ஒரு வரி போடச் சொல்லி. மனையின் விலை இரண்டு மடங்கு ஆகவில்லை. வாங்கிய விலைக்கு மேல் கொஞ்சம் வந்தது, அதற்கு ஆறு வருடம் ஆயிற்று. மேகலாவுக்கு அது போதுமானதாக இருந்தது.

ஏழாவது வருடம் அவள் இரண்டாவதாக ஒரு இடம் பார்த்தாள். இந்த முறை பாண்டியார் ஓடை என்ற கிராமத்துப் பக்கம். சித்திரை வெயிலில் ஒருதரம் போனாள், ஐப்பசி மழையில் ஒருதரம் போனாள். காகிதமெல்லாம் ஹசீனா பார்த்தாயிற்று. பக்கத்துக் காட்டுக்காரரிடம் மோர் வாங்கிக் குடித்து விசாரித்தாயிற்று. தண்ணீர் நூற்றெண்பது அடியில், ரோடு வாசல் வரைக்கும், அளவு அங்குலம் பிசகவில்லை. கடைசியாக ஒரு காலையில் போய், மனையின் நடுவில் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். விற்கிறவர் குடையைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் பொறுத்துப் பார்த்தார்.

"ஏனுங்க, எல்லாந்தான் பாத்துட்டீங்களே. இன்னும் என்னங்க பாக்கறீங்க?"

"நான் பாத்து முடிச்சாச்சுங்க. அது என்னைப் பாத்துக்கிட்டிருக்குது."

இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு கண்ணைத் திறந்து, சேலைக் கரையில் ஒட்டியிருந்த நெருஞ்சியைத் தட்டிவிட்டு, கொஞ்சம் வருத்தத்தோடு அவரிடம் சொன்னாள்.

"வேண்டாங்க. என்னைப் பிடிக்கலை போலிருக்குது."